நேர்ந்துவிட்ட முடி

இதற்கு முன்னால் நான் மொட்டை அடித்துக்கொண்டதில்லை, தம்பி. மொட்டையாக இருந்திருக்கிறேன். அது வேறு, இது வேறு. அது தானாகக் கொட்டியது. இதற்கு வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன வேண்டுதல் என்று கேட்டீர்கள். ஒரு மரியாதைக்குக் கேட்டீர்கள், தெரிகிறது. வந்து உட்காருகிற எல்லோரிடமும் கேட்பீர்கள். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். எனக்கு ஒரு வேண்டுதலும் இல்லை. என் தலையை வைத்து வேறொருவர் வேண்டிக்கொண்டார். அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில், தோளில் ஈரத் துண்டும் கையில் என் கைப்பையுமாக நிற்கிறாரே, அவர்தான். என் கணவர். இந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அதனால்தான் தூணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிளேடு புதியதுதானே? நீங்கள் உறையைப் பிரித்ததை நான் பார்க்கவில்லை. கோபித்துக்கொள்ளாமல் இன்னொன்று பிரித்துவிடுங்கள். எனக்குக் காயம் படக் கூடாது. மார்பில் புற்றுநோய் வந்து சிகிச்சை எடுத்தவள் நான்.

பார்த்தீர்களா, நீங்களும் குரலைத் தாழ்த்துகிறீர்கள். எங்கள் கரூரிலும் இப்படித்தான். 'அந்த வியாதி' என்பார்கள். 'கட்டி' என்பார்கள். ஒருத்தி 'அது' என்று மட்டும் சொல்லிவிட்டு என் புடவைத் தலைப்பைப் பார்த்தாள். நான் முழுப் பெயரையும் சொல்லித்தான் பேசுவேன். முப்பது வருஷம் கிளை நூலகத்தில் வேலை பார்த்தவள். பொருளுக்குப் பெயர் இல்லையென்றால் அதை எந்த அலமாரியில் வைப்பது?

நான் பேசுவது புத்தகத் தமிழாக இருக்கிறது என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வீட்டிலும் இப்படித்தான் பேசுவேன். என் மகள் நிறைமதி, "அம்மா, உப்பு கேக்கறதுக்குக்கூட மேடை போடணுமா?" என்பாள். என் அப்பா மேடைப் பேச்சாளர். எனக்கு வெற்றிச்செல்வி என்று பெயர் வைத்தவர். என் திருமணமே மேடையில் நடந்த சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, தாலி இல்லை, தீ இல்லை. இரண்டு மாலை, ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான். அந்த மேடையில் எனக்கு மாலை போட்டவர்தான் தூணைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். பகலவன். மின்வாரியத்தில் இருந்தார். அவருடைய பெற்றோர் வைத்த பெயர் வேறு. கல்லூரி முடித்ததும் அவரே மாற்றிக்கொண்டார். பழைய பெயர் என்ன என்பதற்கு வருகிறேன். அவசரப்படாதீர்கள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து பகுத்தறிவு வாசகர் வட்டம் என்று ஒன்று நடத்துகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, எங்கள் மொட்டை மாடியில். தேநீர், பக்கோடா, ஒரு புத்தகம், ஒரு சண்டை. நாற்பது வருஷத்தில் அந்த மனிதர் நெற்றியில் ஒரு பொட்டுத் திருநீறு நான் பார்த்ததில்லை. அலுவலகத்தில் ஆயுத பூசை அன்று சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு, சந்தனத்தைத் தொடாமல் வருவார். சுண்டலுக்கு மதம் கிடையாது என்பது அவருடைய வாதம். அப்படிப்பட்டவர்.

சரி, நோய்க்கு வருகிறேன்.

குளிக்கும்போது நானாகத்தான் கண்டுபிடித்தேன். இடப் பக்கம், ஒரு கொண்டைக்கடலை அளவு. நூலகத்தில் இது பற்றி எத்தனை புத்தகம் அடுக்கியிருக்கிறேன், உடனே தெரிந்தது. இரவு சாப்பாட்டில் அவரிடம் சொன்னேன். பதற்றம் இல்லாமல், தெளிவாக, அறிகுறி, சோதனை, சிகிச்சை என்று வரிசையாக. அவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் சொல்லி முடித்துக் கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், இன்னும் பிசைகிறார். கஞ்சியாகிவிட்டது. "சாப்பிடுங்கள்" என்றேன். சாப்பிட்டார். நல்ல கணவர் என்று நினைத்துக்கொண்டேன். ஆர்ப்பாட்டம் இல்லை, அழுகை இல்லை.

அழுகை எனக்குப் பிடிக்காது, தம்பி. எங்கள் வீட்டில் முதல் நாளே ஒரு ஒழுங்கு கொண்டுவந்துவிட்டேன். யாரும் அழக் கூடாது. யாரும் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் அது ஆதாரமில்லாத கூற்று. மகள் ஓசூரிலிருந்து ஓடி வந்தாள். வாசலிலேயே நிறுத்தி, "முகத்தைக் கழுவிக்கொண்டு வா" என்றேன். கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு ஒழுங்காக இருந்தாள்.

அவர் ஒரே ஒரு முறை மீறினார். ஒரு சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உனக்கு ஒண்ணும் ஆகாது செல்வி" என்றார். "எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதானே? பிறகு நானே சொன்னேன், இந்த நிலையில் நூறு பேரில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள், எத்தனை பேர் பிழைப்பதில்லை என்று. அவர் எழுந்து போய்ப் பூவாளியை எடுத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழையில் நின்று யாராவது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்களா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வட்டத்தில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன்.

வட்டத்தில் நான் உரையும் ஆற்றினேன். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய ஞாயிறு. பலகை வைத்து, மார்பின் உள்ளமைப்பை வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்து, கட்டி எங்கே, நிணநீர்க் கணு எங்கே, எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள் என்று விளக்கினேன். மிகவும் வரவேற்பு. தோழர் வேம்பன், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், அப்படி ஒரு தெளிவான உரையைக் கேட்டதே இல்லை என்றார். தலைமை வகித்தவர் பகலவன். தலைமையுரைதான் மோசம். எழுந்தார், "தோழர்களே" என்றார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்துவிட்டார். தயாரிப்பு இல்லை என்று வீட்டுக்குள் வந்ததும் சொன்னேன்.

இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அதிலும் குறை சொல்ல மாட்டேன், அவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார். தையலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குழாய் தொங்கும், அதன் நுனியில் நீர் வடிகிற பை இருக்கும். காலையும் மாலையும் அதை அவர்தான் எடுத்துக் கொட்டிக் கழுவி மாட்டினார். மாட்டும்போது கண்ணை மூடிக்கொள்வார், உதடு அசையும். எவ்வளவு வடிந்தது என்று டாக்டருக்குச் சொல்ல மனப்பாடம் செய்கிறார் என்று நினைத்தேன். பொறுப்பான மனிதர் என்று நினைத்தேன். அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார். என் பக்கத்தில், என் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு.

பிறகு கீமோ. 'வேதிச் சிகிச்சை என்று சொல்லுங்கள்' என்று டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு மறுபடி கீமோ என்றார். இரண்டாவது முறை ஏற்றியதும் முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில், தட்டில், குளியலறை ஓட்டையில். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, "நான் கூட்டறேன், நீ போ" என்றார். நான் வாங்கி நானே கூட்டினேன். என் முடி, நான் கூட்டுகிறேன். அப்படிச் சொன்னது நினைவிருக்கிறது. என் முடி என்றேன். அப்போதே அது என்னுடையது இல்லை என்பது எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில்தான் அவர் ஒருநாள் தாராபுரத்தில் ஒரு தோழரின் வீட்டு விழா என்று சொல்லிவிட்டுக் காலையில் போனார். சாயங்காலம் திரும்பினார். தலையில் துண்டு. துண்டை எடுத்தால் மொட்டை.

நான் வாயடைத்துப் போனேன். எனக்கு அது அடிக்கடி நடப்பதில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "உனக்கு இல்லாத முடி எனக்கு மட்டும் எதுக்கு செல்வி."

தம்பி, நாற்பது வருஷ வாழ்க்கையில் அந்த மனிதர் சொன்ன வாக்கியங்களிலேயே அதுதான் சிறந்தது. நான் அதற்கு மேல் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. அவர் தலையில் கையை வைத்துப் பார்த்தேன். என் தலை மாதிரியே இருந்தது. சந்தன வாசனை அடித்தது. காதுக்குப் பின்னால் கொஞ்சம் மஞ்சளாகவும் இருந்தது. "கடைக்காரன் பூசினான், சூட்டுக்கு நல்லதாம்" என்றார். நம்பினேன். எந்த முடிதிருத்தகத்தில் சந்தனம் பூசுகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டியவள் நான். எதற்கும் ஆதாரம் கேட்கிறவள், அன்றைக்குக் கேட்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் அடுத்த வட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். இதுதான் தோழமை, இதுதான் ஆணும் பெண்ணும் சமம் என்பதற்கு நடைமுறைச் சான்று என்று. கூட்டம் முடிந்ததும் தோழர் வேம்பன் நேராகக் கடைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். எல்லோருமாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். நடுவில் நான், சுற்றிலும் பளபளவென்று நான்கு மொட்டை. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். அந்தப் படத்தில் பகலவன் மட்டும் சிரிக்காமல் இருப்பார். அடக்கம் என்று நினைத்தேன்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். தாராபுரம் போகிற பேருந்து இன்னும் கொஞ்ச தூரம் போனால் எங்கே வந்து நிற்கும்? உங்கள் ஊரில்தான். இந்தக் கொட்டகையில்தான். ஒருவேளை நீங்களேகூட அவருக்கு முடி இறக்கியிருப்பீர்கள். எத்தனை தலை பார்க்கிறீர்கள், நினைவிருக்காது. ஒரு பகுத்தறிவு வட்டத்தில் பாதிப் பேர், தெரியாமலே முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம். வேம்பனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு.

எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? முடி முளைத்தது, அதனால் தெரிந்தது.

தொட்டுப் பாருங்கள். சுருட்டை. வேதிச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு இப்படி முளைக்கும். வாழ்நாள் முழுதும் கம்பி மாதிரி நீட்டு முடி வைத்திருந்தவள் நான். அறுபது வயதுக்கு மேல் சுருட்டை. கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பேன், ஒப்புக்கொள்கிறேன். ஒரு பக்கம் போனது, இன்னொரு பக்கம் ஏதோ கேட்காமலே கிடைத்தது மாதிரி. என்னைவிட அவருக்கு அதன் மேல் ஆசை. தினம் காலையில் பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார். எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று விரலை வைத்துப் பார்ப்பார். செக்கில் ஆட்டிய எண்ணெய் வாங்கி வந்து, சூடாக்கி, அவரே தேய்த்துவிடுவார். நாற்பது வருஷத்தில் என் முடி என்ன நிறம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இந்த வயதில் இப்படி ஒரு காதலா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. உங்களிடம் சொல்வதற்கு என்ன, சந்தோஷமாகவும் இருந்தது.

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயை எப்படி வளர்ப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? நல்ல தழை போடுவார்கள், குளிப்பாட்டுவார்கள், கழுத்தைத் தடவிக் கொடுப்பார்கள். கிடாயும் தன் மேல் என்ன ஒரு பிரியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும்.

சுருட்டை ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் வளர்ந்தது. வட்டத்தின் ஆண்டு விழா வந்தது. பியூட்டி பார்லர் போய்ச் சமமாக வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன். வாசல் கேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"வெட்டாத செல்வி."

"கொஞ்சம்தான். ஓரத்தில்."

"ஓரத்துலயும் வேண்டாம். அது நம்மளது இல்ல."

"என் தலையில் இருப்பது நம்முடையது இல்லையென்றால் வேறு யாருடையது?"

தரையைப் பார்த்தார். கேட் கம்பியைப் பார்த்தார். பிறகு சொன்னார், "முருகனுது."

எந்த முருகன் என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். மின்வாரியத்தில் அவருடன் வேலை பார்த்த முருகன் ஒருவர் இருந்தார். எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார்.

பிறகு வாசலிலேயே எல்லாம் வெளியே வந்தது. மருத்துவமனையில் என்னை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனதும் இவர் வெளியே உட்கார்ந்திருந்தாராம். உட்கார முடியவில்லையாம். எழுந்து நடந்தாராம். மருத்துவமனை வாசலில் ஒரு சின்னக் கோயில் இருந்ததாம். முருகன் கோயில். பிழைத்து வந்தால், கீமோவில் கொட்டி இவளுக்கு மறுபடி முளைக்கிற முதல் முடியை உனக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். அதற்கு முன்பணம் மாதிரி முதலில் தன் முடி. அதுதான் அந்தத் தாராபுரத்து விழா.

அதாவது, எனக்காக அடித்த மொட்டை எனக்காக அடித்தது இல்லை. அந்த வாக்கியம், நான் சொன்னேனே, நாற்பது வருஷத்தில் சிறந்த வாக்கியம், அது பேருந்தில் வரும்போது யோசித்து வைத்த பொய்.

"என் முடியை எழுதிக் கொடுக்க நீங்கள் யார்?" என்றேன். "பிறர் சொத்தை வைத்து ஒப்பந்தம் போட்டால் செல்லாது. சட்டம் சொல்கிறது."

"முருகன் சட்டம் படிக்கலையே, செல்வி."

"என்னைக் கேட்டிருக்க வேண்டாமா?"

"கேட்டா குடுப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

வாதம் என்று பார்த்தால் அதில் குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வேறொரு பெண் இருந்திருந்தால்கூட எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும், தம்பி. போய் நேருக்கு நேர் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். இல்லவே இல்லை என்று நான் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ஒருவரிடம் போய் எப்படிச் சண்டை போடுவது?

மகளுக்குப் போன் போட்டேன். அவளுக்கும் தெரியும். தெரிவது என்ன, அவளே ஓசூரிலிருந்து தாராபுரம் வந்து அங்கிருந்து காரில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். "அப்பா படியில உக்காந்து அழுதார்மா," என்றாள். "சின்னப் புள்ள மாதிரி. நான் பார்த்ததே இல்லம்மா. எழுப்பவே முடியல. பூ விக்கிற அம்மா வந்து தண்ணி குடுத்தாங்க." நான் கேட்டது, என்றைக்கு, எந்த நேரத்தில், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. "உன்கிட்ட எப்படிம்மா சொல்றது" என்றாள். அது பதிலா? உலகத்தில் எதைப் பற்றியும் என்னிடம் பேசலாம். வட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அன்று முதல் நான் அவரிடம் பேசவில்லை. படத்தைக் கழற்றிப் பரணில் போட்டேன். என் புத்தகங்களையும் பாயையும் முன்னறைக்கு மாற்றினேன். அவர் சமாதானம் பேச வரவில்லை. என் மாத்திரையையும் தண்ணீரையும் நேரத்துக்குக் கொண்டுவந்து முன்னறை வாசலில் வைத்துவிட்டுப் போவார். முடியைக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை என்று சொல்லியிருப்பேன்.

இந்த நிலையில் ஆண்டுச் சோதனை வந்தது. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. முடிவு திங்கட்கிழமை சொல்வார்கள். இன்றைக்கு என்ன, சனிக்கிழமை.

ஸ்கேன் எடுத்த அன்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை. சாப்பிடுகிறேன் என்று தட்டில் போட்டுக்கொள்கிறார், தட்டு மெலிவதில்லை, அவர்தான் மெலிகிறார். என் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. முடியைப் பார்க்கிறார். நான் எதிரில் வந்தால் கண் நேராக உச்சிக்குப் போகிறது. பயந்துபோன ஒரு பார்வை. வேட்டியில் தீப்பிடித்தால் பார்ப்பது மாதிரி.

நான் முன்னறையில் படுத்துக்கொண்டு யோசித்தேன். யோசிப்பது எனக்குக் கைவந்தது. முடிவு நல்லபடியாக வந்தால் பேர் முருகனுக்குப் போகும். போகட்டும், அதைத் தாங்கிக்கொள்வேன். நூலகத்தில் நான் செய்த வேலைக்கெல்லாம் மேலதிகாரிதான் பேர் வாங்கினார். கெட்டபடியாக வந்தால்? அப்போது என்ன நினைப்பார்? நோய் திரும்பியது என்று நினைக்க மாட்டார். நான் கொடுக்கவில்லை, அதனால் வந்தது என்றும் நினைக்க மாட்டார், என்னைக் குறை சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை. நான் நேர்ந்தேன், நான் தீர்க்கவில்லை, நான்தான் இவளைக் கொன்றேன் என்று நினைப்பார். நான் போன பிறகும் நினைப்பார். அறிவுக்குப் பொருந்தாத ஒரு காரணத்தைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு மனிதர் மீதி நாளைக் கழிக்கப் போகிறார், பக்கத்தில் இருந்து திருத்துவதற்கு நானும் இருக்க மாட்டேன். ஒரு பகுத்தறிவாளர் என்ற முறையில் அதை என்னால் அனுமதிக்க முடியாது. வேறு காரணம் எதுவும் இல்லை. இதை நீங்கள் பாசம், பக்தி என்று எதனோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காலையில் எழுந்து, "கிளம்புங்கள்" என்றேன். பேசாமல் இருந்து எத்தனை நாள் கழித்துப் பேசுகிற முதல் வார்த்தை. எங்கே என்று அவர் கேட்கவில்லை. சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இங்கே வந்து சீட்டு வாங்குகிற இடத்தில் நின்றோம். பெயர் கேட்டார்கள். வெற்றிச்செல்வி என்றேன். கணவர் பெயர் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்கிறார், "பழனிச்சாமி."

ஆமாம். பெற்றோர் வைத்த பெயர் அதுதான். நாற்பது வருஷமாக யாரும் கூப்பிடாத பெயர். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? நாக்கு நுனியிலேயே வைத்திருந்தது மாதிரி. நான் மாலை போட்டது பகலவனுக்கு. பழனிச்சாமி எனக்கு அறிமுகமே இல்லை. அந்த இடத்திலேயே திரும்பிப் போயிருக்க வேண்டும். வரிசையில் பின்னால் நின்ற அம்மா, "நகருங்க" என்றாள், நகர்ந்துவிட்டேன்.

என்ன, பின்னால் ஆள் நிற்கிறதா? நிற்கட்டும். அந்தக் குழந்தைக்குப் பால் புகட்டட்டும், அதற்குள் முடித்துவிடுவேன். குழந்தைக்கு முடி இறக்கும்போது தலையை யார் பிடித்துக்கொள்வார்கள்? தாய்மாமன். பெரியவர்களுக்குப் பிடிப்பதில்லையா? எனக்குப் பிடிக்க வேண்டும். நேர்ந்துகொண்டவர் அங்கே தூணைப் பார்த்துக்கொண்டிருக்க, நேர்ந்துகொள்ளாதவள் இங்கே தனியாகக் குனிந்திருப்பதா? கூப்பிடுங்கள் அவரை. பகலவன் என்று கூப்பிட்டால் திரும்புவாரா, மற்றப் பெயரில்தான் திரும்புவாரா என்று பார்ப்போம். வேண்டாம், நானே கூப்பிடுகிறேன்.

இங்கே வாருங்கள். பையைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். உட்காருங்கள், முழங்கால் வலித்தாலும் உட்காருங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள்.

என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், தம்பிக்கும் கேட்கட்டும்.

கேட்டீர்களா தம்பி? வேண்டாமாம். எழுந்து வா, வீட்டுக்குப் போகலாம் என்கிறார். சுருட்டை நன்றாக இருக்கிறதாம், இருந்துவிட்டுப் போகட்டுமாம். வருகிறது வரட்டும், அவர் பார்த்துக்கொள்வாராம். தெய்வக் குற்றம் இருந்தால் அது தன்னோடு போகட்டும் என்கிறார். இவ்வளவு தூரம் நான் கூட்டிக்கொண்டு வந்த பிறகு, பிளேடு போட்ட பிறகு.

பகலவன், என்னிடம் நாற்பது வருஷம் உண்மையாக இருந்தீர்கள் என்று நினைத்திருந்தேன். அது போயிற்று. சரி, அந்த முருகனிடமாவது உண்மையாக இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். இப்போது அவனையும் ஏமாற்றப் பார்க்கிறீர்கள். யாரிடம்தான் நீங்கள் சொன்னபடி நடக்கப் போகிறீர்கள்? நான் அவனை நம்பவில்லை. ஆனால் கொடுக்கிறேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்காமல் போவது எங்கள் வீட்டில் கிடையாது, அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நம் இருவரில் ஒருவராவது சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். அது நான்தான் போலிருக்கிறது.

திங்கட்கிழமை அந்த டாக்டர் எதிரில் போய் உட்காரும்போது நீங்கள் என் தலையைப் பார்க்கக் கூடாது. என் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இது. வேறு எதற்கும் இல்லை. புரிகிறதா? தலையைப் பிடியுங்கள்.

நீங்கள் ஆரம்பியுங்கள், தம்பி. தண்ணீர் போதும். காது ஓரத்தில் மட்டும் பார்த்து.

என்ன? தலையை ஆட்டக் கூடாதா?

நான் ஆட்டவில்லை, தம்பி. பிடித்திருக்கிற கைதான் ஆடுகிறது.